இத்தாலிக்குக் காரில் போகிறவர்களே, ‘ஐரோப்பா முழுவதும் கவர்’ என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள்

பிரிட்டனிலிருந்து சொந்தக் காரிலேயே கிளம்பி, இத்தாலியில் வீடு எடுத்து ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த கோடைக்கு அப்படிப் போக நினைக்கிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். ஐரோப்பா முழுவதும் செல்லும் என்று சொல்லி பிரேக்டவுன் கவர் (வழியில் கார் பழுதானால் உதவி தரும் திட்டம்) விற்ற ஒரு கம்பெனி எங்களை நடுவழியில் விட்டுவிட்டது. உதவாததைக்கூட மன்னித்துவிடலாம். பொய் சொல்லி விட்டார்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் எடுத்திருந்த வீடு டஸ்கனியில், லூக்காவுக்குப் பக்கத்தில். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் கலே. பிறகு ரீம்ஸ், த்ருவா, டிஜோன் என்று பிரான்சைக் கடந்து, மோன் பிளாங் சுரங்கம் வழியாக இத்தாலிக்குள் போவதாகத் திட்டம். பின் சீட்டில் பிள்ளைகளும் மாமியாரும். லாங்க்ர் தாண்டி டிஜோனுக்குப் போகும் ஏ31 சாலையில் கிளட்ச் போய்விட்டது. அன்று ஆகஸ்ட் 15. பிரான்சிலும் இத்தாலியிலும் பொது விடுமுறை, கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும் நாள்.

மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். “வண்டி அனுப்புகிறோம், அங்கேயே இருங்கள்” என்றார்கள். வரவில்லை. மறுபடி ஃபோன், அதே பதில். வெயில் தாழும்வரை மாமியார் புல்லில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த வழியாக வந்த நெடுஞ்சாலை ரோந்துக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். பிரான்சில் கட்டண நெடுஞ்சாலைக்குள் வெளி ரெக்கவரி வண்டி வரவே முடியாது. அனுமதி பெற்ற வண்டிதான் இழுக்க வேண்டும். அதை வரவழைக்க, 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கிற ஆரஞ்சு நிறத் தொலைபேசியில் பேச வேண்டும், இல்லாவிட்டால் 112. ஐரோப்பா கவர் விற்பதே தொழிலாக இருக்கிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியாமல் இருந்தால் அந்த வேலையில் இருக்கக் கூடாது. தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அதைவிட மோசம்.

அவர் சொல்லி அரை மணிக்குள் வண்டி வந்துவிட்டது. இழுக்கும் கட்டணத்தை அங்கே அரசாங்கமே நிர்ணயித்திருக்கிறது, அதனால் பேரம் கிடையாது, ஏமாற்றும் கிடையாது. மாலை 6 மணிக்கு மேலும் விடுமுறை நாட்களிலும் 50 விழுக்காடு கூடுதல். அந்த டிரைவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமியார் ஏறுவதற்குத் தானே இறங்கி வந்து கைகொடுத்தார்.

அப்புறம்தான் மாற்றுக் கார் பேச்சு வந்தது. எங்கள் பாலிசியில் மாற்றுக் கார் உண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. மறுநாள் கால் சென்டரில் சொன்னார்கள்: “பிரான்சில் எடுக்கும் வாடகைக் கார் எல்லை தாண்டக் கூடாது சார், அது சட்டம். வேண்டுமானால் ரயிலில் வீட்டுக்குத் திரும்ப டிக்கெட் போட்டுத் தருகிறோம்.” என் மனைவி ஃபோனை வாங்கி, எந்தச் சட்டம், எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டாள். அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

டிஜோன் ரயில் நிலையத்துக்குப் போய் வாடகைக் கார் கவுன்டரில் நேரே கேட்டோம். இத்தாலிக்குத் தாராளமாக ஓட்டிப் போகலாம், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கொள்வோம், திரும்பக் கொண்டுவந்து பிரான்சில் விட வேண்டும், அவ்வளவுதான் என்றார் அந்தப் பெண். சட்டம் என்று ஒன்றும் இல்லை. கம்பெனிக்குச் செலவு மிச்சமாக வேண்டும், அதற்காகச் சொன்ன பொய். விடுமுறை விலைக்கு எங்கள் பணத்தைக் கொடுத்துக் கார் எடுத்தோம். டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டு செல்லாது என்றார்கள். மனைவியிடம் கிரெடிட் கார்டு இருந்ததால் தப்பித்தோம், அவள்தான் வழி முழுக்க ஓட்டினாள்.

சனிக்கிழமை முதல் வாடகை ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் இரவுகள் வீணாகியிருந்தன. சாவி வைத்திருந்த மூதாட்டி சலிக்காமல் காத்திருந்து, அடுப்பில் சூடாக ஏதோ வைத்திருந்தார். பணத்தைத் திரும்பக் கேட்க மனசு வரவில்லை.

இதற்கிடையில் கார் பிரெஞ்சுப் பட்டறையில் கிடந்தது. நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை. கிளட்ச் கோளாறு “சரியாகப் பராமரிக்காததால்” வந்தது என்று கம்பெனி எழுதியது. ஜூன் மாதம்தான் சர்வீஸ் செய்திருந்தோம், ரசீதை அனுப்பினேன். உடனே காரணம் மாறியது. உங்கள் காரின் சந்தை விலையைவிடப் பிரிட்டனுக்குக் கொண்டுவரும் செலவு அதிகம், ஆகவே கொண்டுவர மாட்டோம் என்றார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். பல பாலிசிகளில் இந்த விதி இருக்கிறது, விளம்பரத்தில் இருக்காது. பத்து வயதான டீசல் காருக்கு இவர்கள் மனதில் வைத்திருக்கிற விலை கேட்டால் வயிறு எரியும். கடைசியில் பட்டறையிலேயே எங்கள் செலவில் சரிசெய்து, திரும்பி வரும் வழியில் எடுத்துக்கொண்டோம்.

கவர் வாங்குவதற்கு முன் அவர்களிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், ஃபோனில் வேண்டாம். பிரெஞ்சு நெடுஞ்சாலையில் இழுத்த கட்டணத்தை, அந்த 50 விழுக்காட்டோடு சேர்த்துத் திருப்பித் தருவீர்களா? மாற்றுக் காரை இத்தாலிக்குள் ஓட்ட அனுமதி உண்டா, ஐந்து பேரும் சாமானும் கொள்ளும் வண்டி தருவீர்களா? மொத்த வரம்பு எவ்வளவு, இழுக்கும் கூலி, ஹோட்டல், மாற்றுக் கார் எல்லாம் அதே வரம்புக்குள் அடங்குமா? என் காரின் மதிப்பை யார், எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். கிளம்பும்போது சர்வீஸ் ரசீதையும் படமெடுத்து ஃபோனில் வைத்திருங்கள். எங்களுக்குக் கைகொடுத்த ஒரே காகிதம் அதுதான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். இந்த கவர் இன்சூரன்ஸாக விற்கப்பட்டிருந்தால், எழுத்தில் புகார் கொடுத்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் கம்பெனி இறுதிப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, நிதி, இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரிட்டனின் ஃபைனான்சியல் ஓம்பட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். ஓம்பட்ஸ்மன் என்ற பெயரை நான் கடிதத்தில் எழுதிய பிறகுதான், அதுவரை முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த இழுவைக் கட்டணம் முழுதாகக் கணக்கில் வந்து விழுந்தது. வாடகைக் கார் பணத்துக்கான புகார் இப்போது ஓம்பட்ஸ்மனிடம் இருக்கிறது.