தொங்கவிடுவதா, முடிவதா? ஸ்காட்லாந்துத் தொப்பியின் ரிப்பன்கள்

கில்ட் என்னும் மடிப்புப் பாவாடையைக் கட்டி, அதன் முன்னால் தொங்கும் ஸ்போரன் பையை மாட்டி, காலுறையில் சிறு கத்தியைச் செருகிய பிறகு கடைசியாகத் தலைக்கு ஏறுகிறது தொப்பி. அதன் பின்புறம் தொங்கும் இரண்டு கறுப்பு ரிப்பன்களை என்ன செய்வது என்பதில் ஸ்காட்லாந்துக்காரர்களே ஒத்துப்போவதில்லை. தொங்கவிடு என்கிறது ஒரு கட்சி. பூ முடிச்சுப் போடு என்கிறது இன்னொரு கட்சி. கத்தரித்துவிடு என்று மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீளவாக்கில் மடியும் கிளென்கேரித் தொப்பியா, தொங்கட்டும். வட்டமான பால்மோரல் தொப்பியா, முடியுங்கள். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த ரிப்பன்கள் அழகுக்காக வந்தவை அல்ல. எயர்ஷயரின் கில்மார்னக், ஸ்டூவர்ட்டன் போன்ற ஊர்கள் தொப்பிக்குப் பேர்போனவை. அங்கே கம்பளி நூலால் பின்னி, நனைத்துச் சுருக்கித் தடிப்பாக்கிய நீலத் தொப்பிகள்தான் இன்றைய வகைகளுக்கெல்லாம் மூதாதை. பின்னல் தொப்பி நாளாக நாளாகத் தளரும். காற்றடிக்கும் மலைச்சரிவில் அது தலையில் நிற்க வேண்டுமானால் விளிம்புக்குள் ஒரு நாடாவை ஓட்டிப் பின்னால் இழுத்து முடிவதே எளிய வழி. மிச்சமிருந்த நுனிகள்தான் இன்று நாம் சண்டை போடும் ரிப்பன்கள்.

ஆகவே, கடையில் தொப்பியைக் கையில் வாங்கியதும் அதன் நிறத்தையும் குஞ்சத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். விளிம்பு சுருங்கினால் உள்ளே நாடா ஓடுகிறது, ரிப்பன் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் வெறுமனே தைத்து ஒட்டவைத்தது. பாதி வழக்கு இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும்.

பால்மோரல் வட்டமாகத் தட்டையாக இருப்பது, நடுவில் பெரும்பாலும் சிவப்புக் கம்பளிக் குஞ்சம். விளிம்புக்குள் நாடா ஓடும் வழக்கம் அதிகம் தங்கியிருப்பது இதில்தான். அதனால் இதற்கு முடிச்சு பொருந்துகிறது. தலையில் வைத்து, மேற்பகுதியை வலப்பக்கம் சரித்துவிட்டு, இடக் கண்ணுக்கு மேலே சின்னம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரிப்பது மேல்துணியைத்தான். தொப்பியையே சுழற்றிவிட்டால் ரிப்பன் பிடரியின் நடுவை விட்டுக் காதுப் பக்கம் போய்விடும், புதிதாக அணிபவர்களிடம் அடிக்கடி காணும் கோளாறு இது. பிறகு இரு நுனிகளையும் சமமாக இழுங்கள். விளிம்புக்கும் நெற்றிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் விருந்து முடிவதற்குள் தலைவலி வந்துவிடும்.

முடிச்சு, நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரட்டைச் சடையில் அம்மாக்கள் போடும் அதே பூ முடிச்சுதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் முடிச்சில் வலது நுனியை இடதின் மேல் போட்டால், இரண்டாவது சுற்றில் இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் பூ படுக்காமல் செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும். கழுத்துக்குப் பின்னால் காற்றாடி சொருகியது போலத் தெரியும், நமக்கோ அது கண்ணில் படவே படாது. பூவின் இரு வளையங்களையும் சிறிதாக வையுங்கள். பெரிய பூ ஆண்களுக்கும் பெண்களுக்கும் எவருக்குமே இந்தத் தொப்பியில் எடுப்பாக இருப்பதில்லை.

கிளென்கேரி கதை வேறு. படகைக் கவிழ்த்தாற்போல் நீளவாக்கில் மடியும் தொப்பி அது. கிளென்கேரி என்ற ஊரின் குலத்தலைவர் அலஸ்டர் மக்டொனலோடு சேர்த்துப் பேசப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்காட்லாந்துக்கு வெளியேயும் பிரிட்டிஷ் காலாட்படை இதை அணிந்தது. ராணுவத்தில் இதன் ரிப்பன்கள் தொங்குவதுதான் முறை. தொப்பி வலப்பக்கம் சாய்ந்து, முன்விளிம்பு வலப் புருவத்துக்குச் சற்று மேலே நிற்கும். இடப்பக்கம் ரிப்பன் மடிப்புப் பூவின் மேல் ரெஜிமென்ட் சின்னம், பின்னால் இரண்டு வால்கள். பழைய ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களான பிளாக் வாட்ச், கேமரன் படைகளில் விளிம்பு ஒரே கருநீலமாக இருந்தது. ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் படைக்குச் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக இருந்தது. விளிம்பு எப்படியிருந்தாலும் வால்கள் ஒரே மாதிரிதான்.

ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ கிரீனில் பேக்பைப் என்னும் பை ஊதுகருவி வாசிப்பவர்களின் உலக பைப் இசைக்குழுப் போட்டி நடக்கும்போது பாருங்கள், அணி அணியாகக் கிளென்கேரிகள், அத்தனை பிடரியிலும் ரிப்பன்கள் பறக்கும். தொப்பியின் கூர்மையான நீளக் கோட்டை அந்த வால்கள் கழுத்துவரை தொடர்ந்து இழுத்துச் செல்கின்றன. அந்த இடத்தில் பூ முடிச்சை வைத்தால் கோடு முறிந்துபோகும், சிப்பாய்த் தோற்றம் பொம்மைத் தோற்றமாகும். கிளென்கேரியில் முடிச்சு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் சட்டமல்ல, இந்தக் கோடுதான். இன்னொன்று, இன்றைய கிளென்கேரி தலை அளவுக்கே தைத்து வருவது. அங்கே இழுத்து இறுக்க எதுவும் இல்லாதபோது முடிந்து என்ன பயன்?

தொங்கவிடுவதற்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. காற்று. பேக்பைப்பின் நீண்ட குழல்கள் அதை வாசிப்பவரின் இடத்தோளில் சாய்ந்திருக்கும். வால்கள் மிக நீளமாக இருந்தால் கழுத்திலும் காதிலும் பட்டுப் பட்டு எரிச்சலூட்டும். அதற்கு மருந்து அளவாக வைப்பது. சட்டைக் காலரைத் தொட்டால் போதும், முதுகில் புரள வேண்டாம்.

இப்போது கத்தரிக்கும் கூட்டத்துக்கு வருகிறேன். அளவு குறைப்பதற்கு வெட்டலாம், அடியோடு வெட்டக் கூடாது. நாடா ஓடும் தொப்பியில் நுனியை ஒட்ட வெட்டினால் முனை விளிம்புக்குள் நழுவிப்போகும், பிறகு இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. வால் பிடிக்காதவர்கள் அதை விளிம்புக்குள் மடித்துச் செருகி உள்பக்கம் இரண்டு தையல் போட்டுக்கொள்ளலாம். மனம் மாறினால் பிரித்துவிடலாம். வாடகைத் தொப்பிக்கும் இதுதான் பாதுகாப்பு. ரிப்பனே வேண்டாம் என்பவருக்கு ராணுவ டாம் ஓ ஷான்டர் இருக்கிறது. 1915 முதல் போர்முனையில் கிளென்கேரியின் இடத்தைப் பிடித்த அந்தக் காக்கித் தொப்பிக்கு வாலே கிடையாது.

கல்யாணமானவர் முடிய வேண்டும், ஆகாதவர் தொங்கவிட வேண்டும் என்றொரு பேச்சு உலவுகிறது. கில்ட் விற்கும் இடங்களில் சுவாரசியமாகச் சொல்வார்கள். கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம், அதை நம்பி முடிச்சை அவிழ்க்க வேண்டாம். ஒரே படைப்பிரிவில் குடும்பஸ்தரும் பிரம்மச்சாரியும் ஒரே மாதிரிதானே நின்றார்கள்.

நுனிகளைக் கவனியுங்கள். நேராக வெட்டிய ரிப்பன் சீக்கிரம் இழை பிரியும். மீன்வால் போலவோ சாய்வாகவோ வெட்டினால் கொஞ்சம் தாங்கும், பார்வைக்கும் நேர்த்தி. பாலியஸ்டர் ரிப்பனின் முனையைத் தீச்சுடரின் அருகே ஒரு கணம் காட்டி உருக்கி ஒட்டவைக்கலாம். பட்டு ரிப்பனில் அந்த வேலை செய்யாதீர்கள், கருகும். அதற்கு ஊசி நூல்தான். மழையில் நனைந்து சுருண்டுபோனால் மேலே பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

இரண்டில் ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், நாடா ஓடும் பால்மோரல் அளவில் சிறிது பிழை போனாலும் மன்னிக்கும், கிளென்கேரி மன்னிக்காது. புருவத்துக்கு மேலே சுற்றித் தலையை அளவுநாடாவால் அளந்து, சென்டிமீட்டரில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்து, உள்விளிம்பில் மெல்லிய கம்பளிப் பட்டை ஒன்று தைத்துக்கொள்ளலாம்.