சுட்ட பழமா, சாணிக் காளானா?

அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கு ஏறுபவர்களுக்கு, ஔவையாரை மடக்கிய மாட்டுக்காரச் சிறுவனின் கேள்வி தெரியாமல் இருக்காது: சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா? மனித மூளை ஏன் இவ்வளவு பெருத்தது, பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடுகிற ஆய்வாளர்களிடையேயும் ஏறக்குறைய இதே வழக்குதான் நடக்கிறது. ஒரு தரப்பு நெருப்பில் சுட்ட உணவைச் சொல்கிறது. இன்னொரு தரப்பு சாணத்தில் முளைத்த போதைக் காளானைச் சொல்கிறது. மரத்தடியில் விழுந்து புளித்த பழத்தைச் சொல்பவர்களும் உண்டு. உணவை விட்டுவிட்டு உறவைக் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு.

காளான் தரப்பின் வாதம், அமெரிக்க எழுத்தாளரான டெரன்ஸ் மெக்கன்னா 1992இல் முன்வைத்த வடிவத்தில்தான் இன்றும் உலவுகிறது. ஆப்பிரிக்கக் காடுகள் சுருங்கிப் புல்வெளி விரிந்தபோது, மரத்தை விட்டு இறங்கிய நம் முன்னோர் விலங்கு மந்தைகளின் பின்னே நடந்தார்கள். அந்த மந்தைகளின் சாணத்தில் சைலோசைபின் என்னும் மயக்கப்பொருள் கொண்ட காளான் முளைத்துக் கிடந்தது. அதைக் கொஞ்சமாகத் தின்றவர்களுக்குக் கண் கூர்மையாகி வேட்டை கூடியது, சற்றே மிகுதியாகத் தின்றவர்களுக்குக் காமம் பெருகிப் பிள்ளைகள் பெருகினார்கள், நிறையத் தின்றவர்களுக்கு ஓசையும் காட்சியும் ஒன்றோடொன்று கலந்து, ஒலிக்குப் பொருள் உண்டு என்ற உணர்வு பிறந்தது என்கிறார் அவர். ஹோமோ எரக்டஸ் என்னும் பழைய மனித இனம் ஹோமோ சேப்பியன்ஸாக, அதாவது நாமாக, மாறியதற்கு இதுவே காரணம் என்று சொல்லி, அந்த மாற்றத்தைச் சுமார் 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் வைத்தார். மாடு வளர்க்கும் ஊர்க்காரர்களுக்கு இது கேட்டவுடன் நம்பத் தோன்றும் வாதம். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அலங்காநல்லூர்ப் பக்கத்துத் தொழுவங்களின் எருக்குழி ஓரங்களில் நாய்க்குடை தலைகாட்டுவதை யாரும் பார்க்கலாம்.

நம்பத் தோன்றுவது வேறு, காலக்கணக்கு பொருந்துவது வேறு. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்னும் இடத்தில் கிடைத்த சேப்பியன்ஸ் எலும்புகளின் வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. பேச்சோடு தொடர்புடையது என்று 2001இல் கண்டறியப்பட்ட ஃபாக்ஸ்பி2 மரபணுவில், சிம்பன்சியிடமிருந்து நம்மைப் பிரிக்கும் இரண்டு மாற்றங்களும், அழிந்துபோன நம் உறவினமான நியாண்டர்தால் மனிதரிடமும் இருந்தன. அந்த ஒரு மரபணுவே மொழியைப் படைத்துவிட்டது என்று எவரும் இன்று சொல்வதில்லை. ஆனால் பேச்சுக்கான தயாரிப்பு, அவர்களும் நாமும் கிளை பிரிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. கண் கூர்மையாகும் என்ற பகுதிக்கு மெக்கன்னா காட்டிய ஆதாரம் ரோலண்ட் ஃபிஷர் குழுவினரின் ஆய்வகச் சோதனைகள். அறைக்குள் இன்றைய மனிதர்களை உட்காரவைத்து நடத்திய பார்வைப் புலன் சோதனைகளை வைத்துக்கொண்டு, புதரில் பதுங்கிய மானைக் காளான் காட்டிக்கொடுக்கும் என்று சொல்வது அதிகப்படி.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தகப்பன் தின்ற காளானின் தெளிவு மகனுக்குப் பிறப்பிலேயே வந்துவிடாது. 2021இல் யேல் பல்கலைக்கழகத்தார், ஒரே ஒரு முறை சைலோசைபின் கொடுத்த சுண்டெலிகளின் மூளையில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் நுண்முட்கள் சுமார் 10 சதவீதம் கூடியதையும், அது ஒரு மாதம் நீடித்ததையும் காட்டினார்கள். காளான் தரப்பினர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த எலியின் குட்டிக்கு அந்த முட்கள் போய்ச் சேர்ந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் புளித்த பழத் தரப்பு முந்துகிறது. உயிரியலாளர் ராபர்ட் டட்லி முன்வைத்த ‘குடிகாரக் குரங்கு’ கருதுகோளின்படி, பழுத்து விழுந்து நுரைத்த கனிகளின் சாராய வாடையைப் பிடித்துப் போகத் தெரிந்த குரங்குகளுக்கு உணவு மிகுதியாகக் கிடைத்தது. சோலைமலையில் நாவல் பழம் உதிரும் காலத்தில் மரத்தடியில் நிற்பவர்களுக்கு அந்த வாடை புதிதல்ல. இந்தக் கருதுகோளுக்கு உடம்பிலேயே ஒரு தடயம் இருக்கிறது: சுமார் 1 கோடி ஆண்டுகளுக்கு முன், நமக்கும் சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் பொதுவான மூதாதையின் ஒரு நொதியில் ஏற்பட்ட மாற்றம், சாராயத்தைச் சிதைக்கும் திறனை ஏறக்குறைய 40 மடங்கு உயர்த்தியது. ஆனால் அதே தடயம் மொழி விஷயத்தில் அதன் காலை வாருகிறது. மூன்று பேருக்கும் கிடைத்த சொத்து, ஒருவர் மட்டும் பேசியதற்கு எப்படிக் காரணமாகும்?

சுட்ட உணவுக் கட்சியின் தலைவர் ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்கம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. நம் பழைய மூதாதை இனமான ஆஸ்திரலோபிதேகஸின் 450 கன சென்டிமீட்டர் மூளை நம்முடைய 1,350 கன சென்டிமீட்டராக வளர வேண்டுமானால், அந்தச் செலவுக்கு எங்கிருந்தாவது வரவு வந்திருக்க வேண்டும். சமைத்த கிழங்கும் இறைச்சியும் குறைந்த மெல்லலில், குறைந்த செரிமானச் செலவில், கூடுதல் ஆற்றலைத் தந்தன. பல்லும் குடலும் சிறுத்தன. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் 10 லட்சம் ஆண்டுப் பழைய நெருப்புத் தடயம் இருக்கிறது. மூளையின் வளர்ச்சி அதற்கும் வெகு முன்பே தொடங்கிவிட்டது என்பதுதான் இக்கட்சியின் பலவீனம். இருந்தாலும், அடுப்பு மூளைக்குப் படியளந்திருக்கும் என்பதை நான் ஏற்கிறேன். பேச்சைக் கொடுத்தது அடுப்பு என்று சொல்ல மாட்டேன்.

பேச்சுக்கு நேராக வருபவர் பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துத்தான் உறவைக் காக்கின்றன. அதற்கு அவை பகலில் 20 சதவீதத்துக்கு மேல் செலவிடுவதில்லை. மனிதக் கூட்டம் 150 பேர் அளவுக்குப் பெருத்தபோது, அத்தனை பேருக்கும் பேன் பார்க்க நாளில் 40 சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். அதனால் கையின் வேலையை வாய் எடுத்துக்கொண்டது, ஒரே நேரத்தில் பலரிடம் புறணி பேச முடிந்தது என்கிறார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பிற்பகலில் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் பெண்களைக் கண்டவர்களுக்கு, அவர் சொல்லும் இரண்டு கட்டங்களும் ஒரே திண்ணையில் நடப்பது புரியும். 150 என்ற எண்ணை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேட்பவர் இல்லாமல் மொழி இல்லை என்ற அவருடைய தொடக்கப்புள்ளி மற்ற எவரிடமும் இவ்வளவு தெளிவாக இல்லை.

காளான் தரப்பிலும் நிதானமானவர்கள் உண்டு. 2021இல் ரோட்ரிகஸ் ஆர்சேயும் வின்கெல்மனும் எழுதிய கட்டுரை, மயக்கத் தாவரங்களும் காளான்களும் மூளையைப் பெருக்கின என்று சொல்லாமல், கூடி வாழும் பழக்கத்துக்கும் சடங்குக்கும் துணைநின்றிருக்கலாம் என்ற அளவோடு நிற்கிறது. இதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மெக்ஸிகோவில் காளான் சடங்கை நடத்திய மரியா சபீனா, இரவு முழுவதும் மொழியால்தான் பாடினார். பொலிவியக் குகையில் கிடைத்த, மயக்கத் தாவரங்களின் எச்சம் ஒட்டிய பை சுமார் 1,000 ஆண்டுப் பழமையானது. கையில் இருக்கும் சான்றுகளெல்லாம் பேசத் தெரிந்த மனிதருடையவை. (கொடைக்கானலில் காளான் தேடி அலையும் இளைஞர்கள் இந்தக் கருதுகோளைச் சாக்காகச் சொல்வதையும் பார்க்கிறோம், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பரிணாமக் கதைகள் பொருட்டல்ல என்பது ஒருபுறம், நச்சுக் காளானுக்கும் பொருட்டல்ல என்பது மறுபுறம்.)

காளான் வாதத்தின் அடியில் இருக்கும் எண்ணம், அறிவு நிலை பிறழ்ந்தால்தான் புதிய ஒலியும் புதிய பொருளும் பிறக்கும் என்பது. அந்தப் பிறழ்வுக்குக் காளான் தேவையே இல்லை என்பதற்கு மதுரை வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. சங்கப் பாடல்களின் வெறியாட்டு வேலன் முதல் இன்றைய கோடாங்கி வரை, விரதமும் உடுக்கையும் சாம்பிராணிப் புகையும் குலவையும் போதுமானவையாக இருந்திருக்கின்றன. பாண்டி கோவிலில் அருள் வந்து ஆடுபவர் முதலில் உறுமுகிறார், நாக்கைத் துருத்துகிறார், சொல்லாகாத ஒலிகளை எழுப்புகிறார். உடனே சுற்றி நிற்பவர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள்: “யாருப்பா வந்திருக்கிறது? கருப்பனா, முனியா? என்ன குறை வைத்தோம், சொல்லு!” அவர்கள் விடாமல் கேட்கக் கேட்கத்தான் அந்த உறுமல் பெயராகிறது, பெயர் குறையாகிறது, குறை நேர்த்திக்கடனாகிறது; விளங்காமல் போனதைக் கோடாங்கி விளக்குகிறார். ஆடுபவரின் தலைக்குள் நடப்பதைப் பற்றி மெக்கன்னாவிடம் நிறைய இருந்தது. சுற்றி நின்று கேட்பவர்களுக்கு அவருடைய கதையில் இடமே இல்லை.