ஃபார்ம் 26 ரிவ்யூ: வேட்பாளர் அஃபிடவிட் படிச்சு ஓட்டு போட்ட அனுபவம், 5க்கு 3 ஸ்டார்

ஓட்டலுக்கு ரிவ்யூ போடுறோம், மிக்ஸிக்கு போடுறோம், எலக்ஷன்ல நிக்கிறவங்க சொத்து, கேஸ் எல்லாம் சத்தியம் பண்ணி எழுதித் தாக்கல் பண்ற அஃபிடவிட்டுக்கு (அந்த ஃபார்மோட பேரு தான் ஃபார்ம் 26) யாரும் போட்டு நான் பார்த்ததில்ல, அதான் நானே போடறேன். 2024 லோக்சபா எலக்ஷன், இங்க பெங்களூர்ல ஏப்ரல் 26 ஓட்டு. எங்க தொகுதில இருபதுக்கு மேல ஆளுங்க. ஓட்டு மெஷின்ல பட்டன் இருக்கற பெட்டி, அந்த ஒரு பேலட் யூனிட்ல நோட்டாவையும் சேத்து 16 பேருக்கு தான் இடம், அதனால ரெண்டு யூனிட். அதுல எனக்கு மூஞ்சி தெரிஞ்சது ரெண்டே பேரு. மீதி எல்லாரும் சும்மா ஒரு பேரு, பக்கத்துல ஒரு சின்னம், அவ்ளோதான்.

எங்க மாமனாருக்கு இதெல்லாம் ஒரு கூட்டமே இல்ல. அவர் ஈரோடு பக்கம். 1996ல மொடக்குறிச்சி சட்டசபை தொகுதில 1033 பேர் நின்னு, வாக்குச்சீட்டையே புஸ்தகமா அடிச்ச கதைய வருஷத்துக்கு ரெண்டு தடவை சொல்வார். "ஏனுங்க மாப்ள, இருவது பேருக்கே இப்படி முழிக்கறீங்க?" அந்த வருஷம் தான் லோக்சபா டெபாசிட்ட 500ல இருந்து 10,000க்கு ஏத்தினாங்க, இப்போ 25,000. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு தாண்டலன்னா அந்த காசு கோவிந்தா. போகும்னு தெரிஞ்சே 25,000 கட்டுறவன் யாருடான்னு தான் எனக்கு ஆர்வமே வந்துச்சு.

எலக்ஷன் கமிஷனோட கேஒய்சி ஆப்ல (பேங்க்காரன் கேக்கற கேஒய்சி இல்ல, இது நம்ம வேட்பாளர தெரிஞ்சுக்கறது) தொகுதிய தேர்ந்தெடுத்து பேரைத் தட்டினா அப்போ பிடிஎஃப் வந்துச்சு. ஏடிஆர்ங்கற தன்னார்வ அமைப்பு நடத்துற மைநேதா சைட்ல அதையே டேபிளா போட்டிருப்பாங்க, அவசரத்துக்கு அது போதும். எனக்கு போன்ல படிச்சா கண்ணு வலிக்கும், அல்சூர்ல ஒரு ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்தேன். கட்டு பெருசா ஆக ஆக கடைக்காரர் என்னை ஏற இறங்க பாத்துட்டு "சார் எந்த பார்ட்டி?"ன்னு கேட்டார், ஓட்டு பார்ட்டின்னேன்.

உள்ள என்ன இருக்கு? பான் நம்பர், அஞ்சு வருஷ வருமானக் கணக்கு, கேஸ், சொத்து, கடன், தொழில், படிப்பு. எந்த இடத்தையும் காலியா விடக்கூடாதுன்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொன்னதால பக்கம் பக்கமா 'இல்லை', 'பொருந்தாது' தான். பணக்கார வேட்பாளர் அஃபிடவிட் போர், சர்வே நம்பரா போய்ட்டே இருக்கும், வாடகை வீட்டுக்காரன் படிச்சா பெருமூச்சு தான் வரும். சின்ன ஆளுங்களோடது தான் சக்கத், எங்க ஊர் கன்னடத்துல சூப்பர்னு அர்த்தம்.

ஒருத்தரோடது முழுக்க கன்னடத்துல கையெழுத்து, ஸ்கேனும் கோணலா இருந்துச்சு. நான் கன்னடம் பேசுவேன், படிக்கறது மட்டும் பஸ் போர்டு லெவல். என் பொண்டாட்டி கன்னட மீடியம், அவ தான் படிச்சு காட்டினா. கையில ரொக்கம் 3,500, பழைய டூவீலர் ஒண்ணு, மனைவி பேர்ல 24 கிராம் நகை, அதுக்கு பக்கத்துலயே சின்னதா 'அடகில் உள்ளது'. அந்த இடத்துல அவ நிறுத்திட்டா.

இன்னொண்ணு, கேஸ் இருக்குன்னு பாத்த உடனே ஆளைத் தள்ளிடாதீங்க, செக்ஷன் நம்பரப் பாருங்க. அப்போ ஐபிசி, அதாவது பழைய குற்றச் சட்டம் தான் இருந்துச்சு, 143, 341ன்னு போட்டிருந்தா பெரும்பாலும் எங்கயாவது மறியல்ல உக்காந்த கேஸா இருக்கும், 420ன்னா நான் சொல்லவே வேணாம்.

ஆனா இந்த ஃபார்ம்ல யாரும் கண்டுக்காத விஷயம் முதல் பக்கத்துலயே இருக்கு, போன் நம்பர். அந்த 24 கிராம்காரருக்கு அடிச்சேன், பிஏ யாராவது எடுப்பாங்கன்னு நெனச்சா அவரே எடுத்தார், பின்னாடி டிரில்லிங் சத்தம். கன்னடத்துல ஆரம்பிச்சேன். "தமிழ்லயே பேசுங்கண்ணா, புரியும், ஒரு நிமிஷம் இருங்க, மெஷின ஆஃப் பண்ணிக்கறேன்." தொழில்னு 'பிளம்பிங்'னு எழுதியிருந்தது நிஜம் தான். அந்த மார்ச்ல ஊர்ல போர்வெல் எல்லாம் வத்திப்போய், கமர்ஷியல் கட்டடத்துல குழாய்க்கெல்லாம் ஏரேட்டர் (தண்ணி கம்மியா வர வைக்கற மூடி) மாட்டியே ஆகணும்னு ஆர்டர் வந்துச்சில்ல, அதனால பிரச்சாரத்த விட வேலை தான் ஜாஸ்தின்னார். தண்ணிக்காகத்தான் நிக்கறேன்னார். எம்பிக்கும் தெருக்குழாய்க்கும் என்னங்க சம்பந்தம்னு கேட்டேன், சுருக்குனு தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "தெரியும்ணா. வார்டு எலக்ஷன்ல நிக்கணும்னு தான் இருந்தேன். 2015க்கு அப்புறம் அது எங்க நடந்துச்சு? நடக்கிற எலக்ஷன்ல தானே நிக்க முடியும்."

எனக்கு பதில் வரல. மாநகராட்சி கவுன்சில் காலம் 2020 செப்டம்பர்லயே முடிஞ்சுது, எங்க தெரு டிரெயினேஜுக்கு நானே யாரைப் பிடிக்கறதுன்னு தெரியாம அலைஞ்சவன் தான்.

இப்போ மைனஸ். ஜெயிச்சா என்ன பண்ணுவேன்னு எழுத இந்த ஃபார்ம்ல ஒரு வரி கூட இடம் கிடையாது, 24 கிராம் வரைக்கும் தெரியுது, ஆள் எதுக்கு நிக்கறான்னு தெரியல. பொய் எழுதினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு சட்டம் இருக்கு, ஆனா எழுதினது உண்மையான்னு தேடிப் பாக்கற வேலை நம்ம தலைல. எங்க அம்மாவுக்கு தமிழ் மட்டும் தான் படிக்க வரும், அவங்களுக்கு இது சுத்தமா யூஸ் இல்ல. டைமும் கம்மி, வாபஸ் வாங்க கடைசி நாள் ஏப்ரல் 8, ஓட்டு 26, ஆபீஸ் போய்ட்டு வந்து ராத்திரில எத்தனை பிடிஎஃப் படிக்க முடியும்? நான் படிச்சது ஒன்பது. இதுக்கு தான் ரெண்டு ஸ்டார் கட்.

26ம் தேதி காலைல போய் பட்டன அழுத்திட்டு, யாருக்குப் போட்டோம்னு சீட்டு காட்டற விவிபேட் மெஷின் கண்ணாடில ஏழு செகண்ட் சீட்டப் பாத்துட்டு வந்தேன், யாருக்குன்னு சொல்ல மாட்டேன். மை வெச்ச விரல காட்டினா நிருபதுங்கா ரோட்ல ஒரு ஓட்டல்ல பெண்ணெ தோசை (வெண்ணெய் தோசை தான்) ஃப்ரீன்னாங்க, ஓட்டுக்கே க்யூல நின்னாச்சு, தோசைக்கும் நிக்கணுமான்னு வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்த பிளம்பருக்கு டெபாசிட் போச்சு. அந்த நகைய மீட்டாங்களான்னு அவருக்கு போன் பண்ணி கேளுங்கன்னு பொண்டாட்டி இப்பவும் சொல்றா, அத எப்படிங்க கேக்கறது?