முற்றிய வாய்ப்புற்று: கத்தியா, கரண்டா?

கட்டி தாடை எலும்பை அரித்து 4ஏ எனும் முற்றிய நிலைக்கு வந்துவிட்டது என்று ஸ்கேன் சொன்னதும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: "முகத்தில் கை வைக்காமல் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தே சரிபண்ண முடியாதா?" குரல்வளைப் புற்று என்றால் இது நியாயமான கேள்வி. வாய்க்குள், அதுவும் எலும்பு பாதித்த பிறகு, கதிர்வீச்சின் பிடி தளர்ந்துவிடும். சிங்கப்பூரில் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், வாய்ப்புற்று நோயாளிகளில் ஐந்தாண்டு கழித்து நோயால் இறக்காதவர்கள் அறுவையும் கதிரும் பெற்றவர்களில் 68%, கீமோவும் கதிரும் மட்டும் பெற்றவர்களில் 12%. ஆட்கள் குறைவான ஆய்வுதான். ஆனாலும் இடைவெளி அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

ஆபரேஷன் செய்தால் கரண்ட் தேவைப்படாது என்பது தவறான கணக்கு. இந்த நிலையில் அறுவைக்குப் பின் 6 வாரத்துக்குள் கதிர் தொடங்க வேண்டும்: வழக்கமாக 30 தவணையில் 60 கிரே (கதிர் அளவின் அலகு). வெட்டிய விளிம்பில் புற்றணு இருந்தாலோ, கழுத்து நெறிக்கட்டியின் உறையைக் கிழித்து வெளியேறியிருந்தாலோ சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். அறுவைக்குப் பின் வரும் பயாப்சி ரிப்போர்ட்டில் இந்த இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள்.

அறுவை இல்லாத வழியில் அளவு கூடும்: 35 தவணையில் 70 கிரே, கூடவே சிஸ்பிளாட்டின். சிறுநீரகமும் காதும் தாங்குமா என்று முன்பே பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் வாய் புண்ணாகி, எடை இறங்கி, கதிரின்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தொளதொளத்துப் போகும். பலர் இங்கேதான் இடையில் நிறுத்துகிறார்கள். விட்ட நாட்கள் பலனைக் குறைக்கும். பிறகு கட்டி திரும்பி அறுவைக்கு வந்தால், கதிர் பட்ட திசு எளிதில் ஆறாது.

பல் விஷயம் இரண்டுக்கும் பொது. சொத்தைப் பற்களைக் கதிருக்கு 10 முதல் 14 நாள் முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. அறுவை வழியில் அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம். ஆறவும் அவகாசம் கிடைக்கும்.

வெட்டிய இடத்தை எதை வைத்து மூடுவது? முன் தாடை, அதாவது மோவாய் எலும்பு போகிறது என்றால் காலின் ஃபிபுலா எலும்புக்கே வாதாடலாம்; இல்லையேல் மோவாய் சரிந்து எச்சில் வழியும். நாள் முழுக்க நீளும் அறுவை அது. இணைத்த ரத்தக்குழாய் அடைபடும் அபாயம் முதல் மூன்று நாளில்தான் அதிகம். பக்கவாட்டு எலும்பு மட்டும் போனால் மார்புத் தசை போதும்: சீக்கிரம் முடியும், தசை முழுதாகச் சாவது அரிது. ஆனால் கன்னம் தடித்திருக்கும், தாடை வெட்டிய பக்கம் இழுக்கும்.

அறுக்கவே இயலாது என்றால் இரண்டு மூன்று சுற்று கீமோ கொடுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கி அறுவைக்கு வழி பிறக்கும். குணப்படுத்த வாய்ப்பில்லாதவர்களுக்கு மாத்திரை வழி உண்டு: வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மாத்திரை, அதோடு தினம் இருவேளை 200 மி.கி. செலிகாக்சிப் என்ற வலி-வீக்க மாத்திரை. மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 2020இல் வெளியிட்ட ஆய்வில் இது ஊசி சிஸ்பிளாட்டினுக்குக் குறையவில்லை. நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 7.5 மாதம், சிஸ்பிளாட்டினில் 6.1. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டை மேலேயே எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் வையுங்கள்.