ஏற்காடு மலைப்பாதையில் போன்: ஹோல்டரா, ஹெல்மெட் ப்ளூடூத்தா, ஜாக்கெட் பையா?

வேலை ஏற்காட்டில், வீடு கீழே சேலம் அஸ்தம்பட்டியில் என்று ஆனதும் ஸ்கூட்டரில் போய்வருவதென்று முடிவு செய்தேன். அடுத்த கேள்வி, போனை எங்கே வைப்பது. கடையில் கேட்டால் ஹேண்டில்பாரில் மாட்டும் ஹோல்டரை எடுத்து வைப்பார்கள். இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் செட். மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம்: போனை ஜாக்கெட்டின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவது. முதல் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதில் வந்து நின்றிருக்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறவர்களை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கையில் பிடித்துப் பேசுவதையும்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184வது பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைக்கும் இடம் உண்டு.

ஹோல்டர் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியே அனுமதிக்கிறது. ஆனால் அடிவாரத்தைத் தாண்டிவிட்டால் ஏற்காட்டுக்கு வழி கேட்க என்ன இருக்கிறது? ரோடு போகிற பக்கம் போக வேண்டியதுதான். மேப் தேவையில்லை என்றால் கண்ணெதிரே மிச்சமிருப்பது வாட்ஸ்அப்பும் யார் கூப்பிடுகிறார்கள் என்கிற பெயரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். பெயரைப் படிக்க இரண்டு நொடி என்றால் 22 மீட்டர், மலையில் அதற்குள் ரோடு திரும்பியிருக்கும். இன்னொன்று, பைக்கின் அதிர்வு போன் கேமராவுக்கு ஆகாது. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவில் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் ஓஐஎஸ் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021ல் எச்சரித்தது. ஸ்கூட்டர், மொபெட் அதிர்வு குறைவுதான் என்றாலும் அதிர்வைத் தாங்கும் மவுண்ட் போடச் சொன்னது. இதற்கு மேல் மழை, பனி, ஈர விரலுக்கு அசையாத திரை.

ப்ளூடூத் செட்தான் உண்மையான போட்டி. கை ஹேண்டிலில், கண் ரோட்டில். பாட்டு ஓடும், போன் வந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். சமவெளியில் இது வசதி என்பதை மறுக்க மாட்டேன். மலையில் ஏறியதும்தான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

முதலில் காது. ஏற்காடு மெயின் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து இறங்கும் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும், அதனால் வளைவுக்கு முன்னாலேயே டிரைவர் ஹாரன் அடிப்பார். பனி இறங்கிய நாளில் பஸ் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத்தான் தெரியும். அந்தக் காதில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால்?

ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சரி, குறைக்கலாம். எதிர்முனையில் இருப்பவரை என்ன செய்வது? நான் முடிவை மாற்றிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

கூட வேலை செய்கிற அக்கா சில நாள் என் வண்டியில் பின்னால் வருவார். அடிவாரத்தில் ஆரம்பிக்கும் பேச்சு ஏற்காடு ஏரி வரைக்கும் ஓயாது. ஆனால் வளைவு வந்தால் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். லாரி தெரிந்தால் “மெதுவா, மெதுவா” என்பார். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். போனில் இருக்கிறவருக்கு வளைவு தெரியாது. நான் பஸ்ஸுக்கு ஒதுங்கும் அதே நொடியில்தான் “அந்த பில் நம்பர் என்ன சொன்னீங்க?” என்று கேட்பார். பதில் வரவில்லை என்றால் “ஹலோ, ஹலோ, கேக்குதா?” நடுவில் சிக்னல் போய்விட்டால் மனசு முழுக்க அந்த அறுந்த பேச்சிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இது என் பிரமை மட்டுமில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் இதையே சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடைய பேச்சு போக்குவரத்துக்குத் தக்கபடி மாறுகிறது, போன் பேச்சு அப்படி மாறுவதில்லை. அதற்கும் முன்னால், 1997ல், டொரன்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், பேசிக்கொண்டு ஓட்டும்போது அபாயம் சுமார் 4 மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. எல்லாம் கார் ஓட்டுநர்கள். இரண்டு சக்கரத்தில், மலையில், இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

கூப்பிடுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. “மலை ஏறிட்டிருக்கேன்” என்றால் “சரிங்க, ஒரே நிமிஷம்” என்பதுதான் நம் ஊர் வழக்கம். எடுத்துவிட்டால் நாமும் வெட்டிவிட்டுப் போக மாட்டோம். அவருக்குத் தெரியாமலே அவரை இதில் பங்காளி ஆக்குவதைவிட, எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

அதனால் ஜாக்கெட் பை. சீட்டுக்கு அடியில் டிக்கியில் போடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். வண்டி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் விழுந்தால் 108க்குப் பேச வேண்டிய போன் டிக்கியில் கிடக்கும். அது உடம்போடு இருக்க வேண்டும், ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு, மணியை அடக்கி வைக்கும் டூ நாட் டிஸ்டர்ப் வசதி போதும். ஆண்ட்ராய்டில் ரிப்பீட் காலர்ஸ் என்ற வசதியை ஆன் செய்தால், ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிடும்போது மணி அடிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி மூன்று நிமிடம். வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்: அவசரம் என்றால் மட்டும் இரண்டு தடவை அடியுங்கள். மணி கேட்டாலும் வளைவில் நிறுத்த மாட்டேன், ரோடு அகலமாகி ஒதுங்க இடம் கிடைக்கிற வரைக்கும் போய்த்தான் எடுப்பேன். கிளம்பும்போது ஆபீசுக்கு ஒரு மெசேஜ், “மலை ஏறுகிறேன், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்.” முதலில் சிலருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவர்களே மெசேஜ் போட ஆரம்பித்துவிட்டார்கள், அதுவே தெளிவாகவும் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பாட்டு கிடையாது. கீழே இறங்கிய பிறகு டூ நாட் டிஸ்டர்ப்பை எடுக்க மறந்தால் சாயங்காலம் முழுக்கத் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கார் பற்றி நான் சொல்வதை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் நான் கார் ஓட்டியது மிகக் குறைவு. பக்கத்தில் ஆள் இருந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்பது மட்டும் நிச்சயம். டெலிவரி வேலை செய்யும் தம்பிகளுக்கு என் கணக்கு பொருந்தாது. சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் புது முகவரி தேடுகிறவருக்கு மேப் இல்லாமல் பிழைப்பு ஓடாது, அவருக்கு ஹோல்டர்தான் சரி. அதிர்வைத் தாங்கும் டேம்பர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் நல்லது. வழியைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டு, மற்ற நோட்டிஃபிகேஷன்களை அணைத்து வைத்தால் திரையில் மேப் மட்டும் இருக்கும்.