தள்ளுபடியா, தவணையா?

கல்லடிப் பாலத்தில் மாலை நடைக்கு வரும் நண்பர்கள் ஹொலிவூட் நடிகர் அலெக் போல்ட்வின் வழக்கில் இன்னும் இரண்டாகப் பிரிந்துதான் நிற்கிறார்கள். 2021 அக்டோபரில் படப்பிடிப்புக்கான ஒத்திகையில் அவர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். பொலிஸிடம் வந்துசேர்ந்த சில தோட்டாக்களை எதிரியான போல்ட்வின் தரப்புக்குக் காட்டவில்லை என்று, 2024 ஜூலை 12 அன்று நியூ மெக்சிகோ நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மறுபடி தொடரவே முடியாது. தவணை கொடுத்து வழக்கை ஒத்திவைத்திருக்கலாமே என்கிறார்கள் சிலர்.

காலம்: தள்ளுபடியில் அன்றே முடிவு. தவணையில் இழுபறி.

இறந்தவரின் குடும்பம்: தள்ளுபடியில் ஜூரியின் பதில் கிடைக்காது. தவணையில் கிடைக்கலாம். தாயை இழந்த சிறுவன் ஒருவன் இருக்கிறான். எனக்கு இந்த இடம்தான் வலிக்கிறது.

பொலிஸ்: தவணை என்றால், மறைத்தது பிடிபட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை, காட்டிவிட்டு வழக்கைத் தொடரலாம். தள்ளுபடி என்றால் வழக்கே போய்விடும். அந்தப் பயம் இல்லாவிட்டால், பெரிய சட்டத்தரணி வைக்க வசதியில்லாத ஏழை எதிரிக்கு யார் சான்றைக் காட்டுவார்கள்?

சரி, கவனக்குறைவால் விடுபட்ட சான்றென்றால் தவணை போதும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் தள்ளுபடிதான். இங்கே வேண்டுமென்றே மறைத்ததாகவே நீதிபதி முடிவு செய்தார்.