சிறுநீரகக் கல்லும் காய்ச்சலும்: சி.ஆர்.பி.யா, புரோகால்சிடோனினா?

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில், கடுமையான கிருமித் தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான புரோகால்சிடோனினை இரவிலும் செய்ய வசதி வேண்டுமா, உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ஏற்கெனவே இருக்கும் பரிசோதனையே போதுமா என்ற பேச்சு வந்தபோது, வேண்டும் என்று வாதாடியவன் நான். கல் நோயாளிகளை நாள்தோறும் பார்க்கும் அறுவை மருத்துவன் என்ற முறையில், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல் வலி எவ்வளவு கொடியதாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து அதனால் வருவதில்லை. சிறுநீர்க்குழாயை அடைத்த கல்லுக்கு மேலே தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகி, அது ரத்தத்தில் கலப்பதுதான் ஆபத்து. அதற்கு யூரின் பரிசோதனை போதாதா என்று உறவினர்கள் கேட்பார்கள். அடைப்பு முழுமையாக இருந்தால் சீழ் கல்லுக்கு மேலேயே நின்றுவிடும். நோயாளி பிடித்துத் தரும் சிறுநீர் பெரும்பாலும் மறுபக்கத்து நல்ல சிறுநீரகத்திலிருந்து வந்தது. அது தெளிவாகவே இருக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளாவது ஆகும். ஆகவே ரத்தத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கிரியாட்டினின் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும், கிருமியைப் பற்றிச் சொல்லாது. வெள்ளை அணுக்கள் வலியாலும் வாந்தியாலுமே ஏறிவிடும். வெள்ளை அணுக்களின் இரு வகைகளில், நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் விகிதத்துக்குத் தனிச் செலவில்லை. ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவரிடம் அதை நம்ப முடியாது. அந்த ரத்த அணுச் சீட்டில் நான் முதலில் தேடுவது தட்டணுக்களை. அடைப்பும் காய்ச்சலும் உள்ளவருக்குத் தட்டணுக்கள் இறங்கினால் நிலைமை மோசமாகப் போகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் அதே எண்ணைப் பார்த்து டெங்கு வார்டுக்கு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. விலாவில் வலி இருந்தால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். சி.ஆர்.பி. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட புரதம். மலிவானது, சிறிய ஊர்களிலும் கிடைப்பது. புரோகால்சிடோனின் கடுமையான பாக்டீரியா தொற்றில் ஏறுகிறது என்பது 1993-இல்தான் வெளிவந்தது. விலை பல மடங்கு அதிகம். இரண்டையும் பிரிப்பது விலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கடிகாரம்.

கிருமி ரத்தத்தில் நுழைந்த மூன்று நான்கு மணி நேரத்தில் புரோகால்சிடோனின் ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் உச்சம் தொடும். சி.ஆர்.பி.யைக் கல்லீரல் தயாரித்து அனுப்ப ஆறேழு மணி நேரம் வேண்டும். உச்சம் தொட ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். தொற்று உடல் முழுவதையும் தாக்கி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸில் ஒரு பகல் என்பது மிகப் பெரிய இடைவெளி. மாலையில் நடுக்கத்தோடு வந்த ஒரு பெண்மணிக்குச் சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் கல் அடைத்திருந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, யூரின் தெளிவு, சி.ஆர்.பி. லிட்டருக்கு 22 மில்லிகிராம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றக்கூடிய எண் அது. அதே குழாய் ரத்தத்தில் புரோகால்சிடோனின் 7-ஐத் தாண்டியிருந்தது. மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் 0.5-க்குக் கீழே இருந்தால் செப்சிஸ் வாய்ப்பு குறைவு, 2-க்கு மேல் போனால் அதிகம் என்பது வழக்கமான அளவுகோல். அன்றிரவே, சிறுநீர் வடிய சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை செல்லும் மெல்லிய குழாயான டி.ஜே. ஸ்டென்ட் வைத்தோம். கல்லைத் தாண்டிக் கம்பி போனதும் பக்கவாட்டில் வழிந்தது, கஞ்சித் தண்ணீர் போன்ற சீழ்.

அறுவைக்குப் பிறகு வித்தியாசம் இன்னும் கூடுகிறது. முதுகுவழித் துளையிட்டுக் கல்லை உடைக்கும் பி.சி.என்.எல். சிகிச்சையில், திசு காயப்படுவதாலேயே சி.ஆர்.பி. எல்லோருக்கும் ஏறும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தில் நிற்கும். அந்த நாள்களில்தான் காய்ச்சலும் வருகிறது. கிருமித் தொற்றால் உருவாகும் தொற்றுக் கற்களின் உள்ளே கிருமி குடியிருப்பதால், உடைக்கும்போது அது வெளியேறி ரத்தத்தில் கலக்கலாம். அப்போது 90 என்று வரும் சி.ஆர்.பி. கத்தியின் வேலையா, கிருமியின் வேலையா? அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. புரோகால்சிடோனின் அறுவையால் சற்று ஏறினாலும் பெரிதாக எகிறுவதில்லை. சிகிச்சை பலித்தால் ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாக இறங்கும். இறங்கவில்லை என்றால் ஸ்டென்ட் அடைத்ததா, மருந்து மாற வேண்டுமா என்று உடனே தேட முடிகிறது.

சி.ஆர்.பி.யை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் கழித்து வருபவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லும். அங்கே கூடுதல் பணம் வீண். இரவில் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி மறுநாள் முடிவு வாங்கும் இடத்தில் புரோகால்சிடோனினின் முழுப் பயனும் போய்விடுகிறது. அங்கே கையிலிருக்கும் சி.ஆர்.பி.யும் தட்டணுக்களுமே மேல். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் தொற்று இல்லாமலே புரோகால்சிடோனின் சற்று உயர்ந்திருக்கும். அவர்களிடம் ஒரே எண்ணை நம்பாமல் இரண்டு முறை எடுத்து ஏற்றத்தைப் பார்க்கிறேன். கர்ப்பிணிகளிலும் குழந்தைகளிலும் என் அனுபவம் குறைவு. அவர்களுக்கு இந்த அளவுகோலை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன்.

எந்தச் சோதனையாக இருந்தாலும் சரி, அடைப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தவருக்கு முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீர்க்குழாய்க் கல்லோடு செப்சிஸ் வந்தவர்களில் அடைப்பை நீக்காதவர்களிடையே இறப்பு சுமார் 19 சதவீதம், நீக்கியவர்களிடையே சுமார் 9 சதவீதம். எண் சாதாரணமாக வந்தாலும் ஆள் மோசமாகத் தெரிந்தால் ஸ்டென்ட் வைப்பதே சரி.

ரிப்போர்ட் வாங்கும்போது அலகைப் பாருங்கள். சி.ஆர்.பி.யைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராமிலும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் தருகின்றன. 4.8 என்பது முதலாவதில் சாதாரணம். இரண்டாவதில் அது 48. கூடவே ரத்தம் எடுத்த மணியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது மணி நேரத்து எண் என்று தெரியாவிட்டால் இரண்டில் எதையும் சரியாகப் படிக்க முடியாது.